கரும்பலகையில் இரண்டு கேள்விகள்

ஓர் ஓவியத்தைக் கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? கலை குறித்த கலந்துரையாடல்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. சட்டங்களும் ஆவணங்களும் தேர்தல் முடிவுகளுமே வரலாறு, ஓவியம் சுவருக்கு அழகு சேர்ப்பது மட்டுமே என்று கருதுவோர் இன்றும் உண்டு. சிங்கப்பூரைப் பொறுத்தமட்டில் அவர்களுக்கு மறுமொழியாகக் காட்டத்தக்க ஓவியம் ஒன்று இருக்கிறது. சுவா மியா டீ என்னும் ஓவியர் 1959ஆம் ஆண்டில் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ என்பதே அது.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள தைல வண்ண ஓவியம். ஒரு வட்ட மேசை. அதைச் சுற்றிச் சீனர்களும் இந்தியர்களுமாகச் சில மாணவர்கள். பள்ளிப் பிள்ளைகள் அல்லர், வளர்ந்தவர்கள். பாடம் நடத்துபவர் ஒரு மலாய் ஆசிரியர். கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டு வரிகள். ‘சியாபா நாம கமு?’ என்பது ஒன்று. ‘டி மானா அவாக் திங்கால்?’ என்பது மற்றொன்று. உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்பது இவற்றின் பொருள்.

எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் முதல் நாள் பாடத்தில் வருகின்ற கேள்விகள்தாம் இவை. ஆனால் 1959ஆம் ஆண்டில், சிங்கப்பூரில், கடல் கடந்து வந்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் நோக்கிக் கேட்கப்படும்போது இவை மொழிப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. நீ யார்? உன் ஊர் எது? அன்றைய மலாயாவில் இலட்சக்கணக்கான மனிதர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளையே ஓவியர் கரும்பலகையில் எழுதி வைத்தார்.

மலாய் அறிந்த வாசகர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். முதல் கேள்வியில் ‘கமு’ என்றும் அடுத்ததில் ‘அவாக்’ என்றும் இருக்கிறது. இரண்டுமே முன்னால் இருப்பவரைக் குறிக்கும் சொற்கள். மலாய்க்காரர் ஒருவர் வயதில் மூத்தவரிடம் இவ்விரண்டையுமே எளிதில் சொல்லிவிடமாட்டார். பாக் சிக், மாக் சிக் என்று உறவு முறை வைத்தே அழைப்பார். தமிழர்கள் அறிமுகமில்லாதவரையும் அண்ணே, அக்கா என்று அழைப்பதைப் போன்றது அது. பலகையில் இருப்பது வகுப்பறை மொழி. கம்பத்து வீட்டுத் திண்ணையில் பேசப்படும் மொழிக்கு அந்த மாணவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.

1959இன் வகுப்பறைகள்

அந்த ஆண்டு மே 30ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் 51 தொகுதிகளில் 43ஐ மக்கள் செயல் கட்சி வென்றது. ஜூன் 3ஆம் தேதி சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியாயிற்று. டிசம்பர் 3ஆம் தேதி யூசோஃப் இஸ்ஹாக் நாட்டுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது புதிய கொடி, புதிய சின்னம் ஆகியவற்றோடு ஸுபிர் சைட் இயற்றிய ‘மாஜுலா சிங்கப்பூரா’வும் நாட்டுப் பண்ணாக அறிமுகம் செய்யப்பட்டது.

மலாய் மொழிக்கு அவ்வளவு முதன்மை ஏன் வந்தது என்பது இன்றைய இளையர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மண்ணின் மக்களின் மொழி என்பது ஒரு காரணம். அரசியல் காரணமும் இருந்தது. 1957இல் விடுதலை பெற்ற மலாயாக் கூட்டரசோடு சிங்கப்பூர் இணைந்தால்தான் எதிர்காலம் உண்டு என்று இடதுசாரிகளும் மற்றவர்களும் ஒருசேர நம்பிய காலம் அது. சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு தீவைச் சேர்த்துக்கொள்ளக் கூட்டரசுத் தலைவர்கள் தயங்கினார்கள். நாங்களும் மலாயாக்காரர்களே என்று காட்ட வேண்டிய பொறுப்பு தீவிலிருந்தவர்கள்மீது விழுந்தது. அதைக் காட்ட மொழியைவிடத் தெளிவான வழி வேறில்லை.

ஆகவே மாலை நேர வகுப்புகள் தொடங்கின. தொழிற்சங்கங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் சமூக நிலையங்களிலும் பகலெல்லாம் உழைத்த மனிதர்கள் இரவில் மலாய்ப் பாடம் படித்தார்கள். சீன மொழி வழி விளக்கும் மலாய் அகராதிகளும் பயிற்சி நூல்களும் அச்சாயின. சீனப் பள்ளி மாணவர்கள் சீனாவையே தாயகமாக நினைத்திருந்தார்கள் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது முற்றிலும் மாறானது. அந்த மாணவர்களில் பலர் மலாய் மொழியைத் தாங்களே தேடிச் சென்று படித்தவர்கள்.

சுவா மியா டீயும் அவ்வழி வந்தவர்தாம். 1931இல் சீனாவின் சுவாத்தோவில் பிறந்தவர். 1937இல், ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கிய ஆண்டில், குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்தார். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயின்று 1952இல் தேறினார். பதிப்பகத்துக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் படம் வரைந்து பிழைத்தார். 1974ஆம் ஆண்டு வாக்கில்தான் முழுநேர ஓவியரானார். வகுப்பறையை வரைந்தபோது அவருக்கு வயது 28. எங்கே வசிக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

பாலித் தீவும் பக்கத்துத் தெருவும்

மனித உருவங்களை வரைந்த சிங்கப்பூர் ஓவியர்கள் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேறு நால்வர். லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய அந்நால்வரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்றார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பயண ஓவியங்களைச் சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தார்கள். சீனத் தூரிகை மரபும் பாரிஸ் நகரின் புதிய ஓவிய முறைகளும் தென்கிழக்காசிய வாழ்க்கையோடு கலந்த ‘நன்யாங் பாணி’யின் முக்கியக் கட்டம் அது. நன்யாங் என்றால் தென்கடல். சீனாவிலிருந்து பார்ப்பவருக்குத் தெற்கே இருக்கும் நிலம் என்பதே அப்பெயரின் பொருள். அந்தப் பெயரே வந்தவர்களின் கண்ணோட்டம்தான்.

அழகான ஓவியங்கள் அவை என்பதில் ஐயமில்லை. லியூ காங் 1954இல் வரைந்த ‘ஓவியரும் மாதிரியும்’ இன்றும் பார்ப்பவர்களை நிறுத்தி வைக்கிறது. ஆயினும் அந்தத் தலைமுறைக்குப் பின்வந்த இளையர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தென்கடல் மக்களைத் தேடிப் பாலி வரை போக வேண்டுமா? தெருமுனையில் சாலை போடுபவர் யார், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் யார், அங்காடித் தள்ளுவண்டிக்காரர் யார் என்று அவர்கள் கேட்டார்கள்.

அக்கேள்விக்குக் காரணம் தெருவிலேயே இருந்தது. 1948 முதல் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. 1954 மே 13ஆம் தேதி, தேசிய சேவைப் பதிவை எதிர்த்த சீனப் பள்ளி மாணவர்களும் போலீசாரும் மோதினர். அடுத்த ஆண்டு மே மாதம் ஹோக் லீ பேருந்து நிறுவன வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்தது. நன்யாங் நுண்கலைக் கழகத்தை 1938இல் நிறுவிய லிம் ஹாக் டாய்கூட 1955இல் ‘கலவரம்’ என்ற தலைப்பில் ஓர் ஓவியம் வரைந்தார். பள்ளி முதல்வரே அப்படி வரைந்தபோது மாணவர்கள் சும்மா இருப்பார்களா?

மலாயாவின் காவியம்

1953ஆம் ஆண்டில் சீன உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வெளிவந்தவர்கள் ஒரு கலைச் சங்கம் வைத்திருந்தார்கள். 1956இல் அச்சங்கம் நடத்திய கண்காட்சி கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சென்றது. அதில் இடம்பெற்ற ஓவியங்களில் ஒன்று சுவா மியா டீ 1955இல் வரைந்த ‘மலாயாவின் காவியம்’.

திறந்த வெளியில் இளையர்கள் கூடியிருக்கிறார்கள். ஒருவன் கையில் புத்தகத்தோடு உரக்க வாசிக்கிறான். சுற்றியிருப்போர் கேட்கிறார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் அந்த முகங்களைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று தோன்றும். மலாயாவுக்கென்று அப்போது ஒரு காவியம் எழுதப்பட்டிருக்கவில்லை. விடுதலைக்கே இரண்டு ஆண்டுகள் இருந்தன. இல்லாத நாட்டின் காவியத்தைச் சிலர் முன்கூட்டியே படிக்கத் தொடங்கிவிட்டதுபோல் அவ்வோவியம் அமைந்திருக்கிறது. வாசிப்பவர்கள் சீன மாணவர்கள். அவர்கள் படிப்பது மலாயாவின் கதை. நன்யாங் என்ற பழைய பெயருக்கும் மலாயா என்ற புதிய பெயருக்கும் இடையிலான தூரத்தை இந்தச் சித்திரம் ஒரே பார்வையில் கடந்துவிடுகிறது.

அதே 1956இல் ஈக்குவேட்டர் கலைச் சங்கம் உருவானது. ஈக்குவேட்டர் என்பது நிலநடுக்கோடு. சீனாவின் தெற்கு என்ற அடையாளத்தை விட்டுவிட்டுத் தாங்கள் நிற்கும் இடத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஓவியம் மட்டுமின்றி இலக்கியம், இசை, நாடகம் ஆகியவற்றுக்கும் அச்சங்கத்தில் பிரிவுகள் இருந்தன. மாலை வகுப்புகளில் உழைப்பாளர்கள் படம் வரையக் கற்றார்கள். ரஷ்ய ஓவியர் இல்யா ரெப்பினைப் போன்றவர்களே இவர்களுக்கு முன்மாதிரி. பாரிஸ் நகரின் புதுமைகளில் இவர்களுக்கு ஈடுபாடு இல்லை. மனிதனை மனிதனாக, முகத்தைத் தெளிவாக, வேலை செய்யும் கையை வேலை செய்யும் கையாக வரைய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை.

இக்கொள்கைக்குக் குறைகளும் உண்டு. சில ஓவியங்களில் ஏழையின் துயரம் மேடை நாடகம்போல் மிகையாகிவிடுகிறது. விமர்சகர்கள் அன்றே இதைச் சொன்னார்கள். ஆனால் நல்லவை மிக நல்லவை. சங்கத்தைச் சேர்ந்த கோ சியா யோங் 1965இல் வரைந்த ‘இதோ வருகிறார்கள்!’ ஓர் எடுத்துக்காட்டு. அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சாலையோர வியாபாரிகள் பொருள்களை அள்ளிக்கொண்டு ஓடும் காட்சி. அதிகாரிகள் ஓவியத்தில் தேவைப்படவில்லை. ஓடுபவர்களின் முகங்களே போதுமானவையாக இருந்தன. அந்த ஓட்டத்தை நேரில் பார்த்த தலைமுறை சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறது.

1974இல் ஈக்குவேட்டர் கலைச் சங்கத்தின் பதிவு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சுவா மியா டீ ‘உணவகத்தில் தொழிலாளர்கள்’ என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். போராட்டம் இல்லை, கொடி இல்லை, புத்தகம் இல்லை. வேலைக்கு நடுவே உண்ண வந்தவர்களின் கூட்டம் மட்டுமே. சங்கம் போய்விட்டது, மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சந்தனம் என்ற பெயர்

எல்லாரும் இவ்வழியில் வந்தவர்கள் அல்லர். ஜார்ஜெட் சென் 1906இல் பிறந்தவர். செல்வக் குடும்பம். பாரிஸ், நியூயார்க், ஷங்ஹாய் என்று வாழ்ந்தவர். அவருடைய கணவர் யூஜின் சென் டிரினிடாட்டில் பிறந்து சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். போர்க்காலத்தில் கணவரோடு ஜப்பானியரின் காவலில் இருந்தார். கணவர் 1944இல் காலமானார். உலகின் எந்த நகரத்திலும் குடியேறியிருக்கக்கூடிய அந்த அம்மையார் 1951இல் பினாங்குக்கு வந்தார். பிறகு சிங்கப்பூர் வந்து 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார்.

அவரும் மலாய் கற்றார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘சென்டானா’ என்ற மலாய்ப் பெயரையும் சூட்டிக்கொண்டார். தமிழர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மலாயில் சென்டானா என்றால் சந்தனம். வடமொழி வழியாக இரு மொழிகளுக்கும் வந்த சொல் அது. சீனப் பெண்மணி ஒருவர் பிரெஞ்சுப் பெயரோடு பிறந்த வீட்டை விட்டு மலாய் நிலத்துக்கு வந்து, இந்தியாவில் பிறந்த ஒரு சொல்லைத் தம் பெயராக்கிக்கொண்டார் என்பதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

1960களில் அவர் வரைந்தவற்றில் கிழக்குக் கரைப் பெண் வியாபாரியும் சாத்தே விற்கும் பையனும் மலாய்த் திருமண வீடும் இருக்கின்றன. ரம்புத்தானும் மங்குஸ்தீனும்கூட இருக்கின்றன. இவர் படங்களில் யாரும் எதையும் எதிர்க்கவில்லை. ஈக்குவேட்டர் சங்கத்து இளையர்களுக்கு அது போதாததாகத் தோன்றியிருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவரை அக்கறையோடு உட்கார்ந்து பார்ப்பதும் ஊரைத் தன் ஊராக்கிக்கொள்ளும் வழிதான். 1982இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 1993இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார்.

தமிழர்களிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி

எங்கே வசிக்கிறாய் என்ற கேள்வி சீனர்களிடம் மட்டும் கேட்கப்படவில்லை. 1950களில் சிங்கப்பூர்த் தமிழர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டால் சிங்கப்பூர் என்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் தஞ்சாவூர் என்றோ இராமநாதபுரம் என்றோ சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஒரே மனிதருக்கு இரண்டு பதில்கள் இருந்தன.

அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் 1957இல் வந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்துக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி செய்தது. தமிழர்கள் அதைத் தவறவிடக்கூடாது என்று எழுதியும் பேசியும் வந்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய அவர், தமிழைக் காப்பதையும் இந்நாட்டுக் குடிமக்களாவதையும் ஒன்றுக்கொன்று முரணான காரியங்களாகப் பார்க்கவில்லை. பிரமாணப் படிவத்தில் கையொப்பமிட்ட தொழிலாளியின் மனத்தில் அன்று என்ன ஓடியிருக்கும்? ஊரில் இருக்கும் அம்மாவை இனி எப்போது பார்ப்போம் என்பதுதான் முதலில் வந்திருக்கும்.

அந்த மனிதரை யார் வரைந்தார்கள் என்று தேடும்போது சிறு வருத்தம் ஏற்படுகிறது. சீன ஓவியர்களின் படங்களில் இந்தியர்கள் வருகிறார்கள். மாடு ஓட்டுபவராக, பால்காரராக, கட்டுமானத் தொழிலாளியாக வருகிறார்கள். பல படங்களில் அவர்கள் கருமையான உடலின் அழகுக்காகவும் வேட்டி, தலைப்பாகையின் வண்ணத்துக்காகவும் வரையப்பட்டிருக்கிறார்கள். பெயர் கேட்கப்படவில்லை. ‘தேசிய மொழி வகுப்பு’ தனித்து நிற்கும் இடம் இதுவே. அங்கே இந்தியர் காட்சிப்பொருள் அல்லர். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்றவர்களைப் போலவே அவரும் ஒரு மாணவர். வட்ட மேசைக்குத் தலைமாடு, கால்மாடு இல்லை.

அதே ஓவியத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்றும் உண்டு. மாணவர்களின் பெயரைப் பலகை கேட்கிறது. ஆசிரியரின் பெயரை யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள் என்ற நிலையில் அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 1960களிலும் 70களிலும் கம்பங்கள் அகன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது, எங்கே வசிக்கிறாய் என்ற கேள்வி அவரையும் தேடி வந்தது.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இக்கேள்வி வேறு வடிவம் எடுத்தது. இந்தோனேசியாவில் பிறந்து மலாயாவுக்கு வந்த ஹுசேன் எனாஸ் மலாய்ப் பெண்களின் உருவங்களை மென்மையாக வரைந்து புகழ்பெற்றவர். 1963இல் மலேசியா உருவானபோது புதிய நாட்டின் பல இன மக்களை வண்ணக்கோல்களால் தீட்டினார். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அழகிய முகம். பார்க்க இனிமையானவை. சுற்றுலா அட்டைகளின் சாயல் அவற்றில் சற்று உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1994இல், பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங் கரிக்கோலால் ஆளுயரப் படங்கள் வரைந்தார். ‘குடியேறிகள்’ என்பது அவ்வரிசையின் பெயர். பெரும் தலைவர்கள் யாரும் அதில் இல்லை. தம் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொண்டார். பதினான்கு வயதில் மணமுடித்துப் பதினான்கு பிள்ளைகள் பெற்ற பெண் ஒரு படத்தில் இருக்கிறார். பால்மரம் சீவும் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நடக்கும் திருமணம் இன்னொரு படம். இந்தத் தலைப்புகளைக் கேட்டதும் தோட்டத்தில் வளர்ந்த எந்தத் தமிழரும் தம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படத்தை நினைப்பார். லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை ஆசிரியராவதும் அந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசுவதும் சீனர் வீட்டில் மட்டும் நடந்தவையா?

1996இல் அவர் நடத்திய கண்காட்சி ‘குடியேறிகளும் இரப்பர் மரங்களும்’ என்று பெயர் பெற்றது. பொருத்தமான இணைப்பு. இரப்பர் மரமே குடியேறிதான். பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் பூமலைக்கு வந்தன. அந்த மரத்துக்குப் பின்னால்தான் தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் வந்தார்கள். மரத்திடம் யாரும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை.

ரெட்ஸா பியாடாசாவையும் இங்கே நினைவுகூர வேண்டும். சிங்களக் குடியேறிகளின் வழிவந்தவர், குவாந்தானில் 1939இல் பிறந்தவர், 2007இல் மறைந்தவர். பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களை எடுத்து அச்சிட்டு, வண்ணம் சேர்த்து ‘மலேசிய வரிசை’ என்று அளித்தார். அவற்றில் பாபா குடும்பம் உண்டு, ஹாஜியார் குடும்பம் உண்டு, நாற்காலியில் விறைப்பாக அமர்ந்த பெண்கள் உண்டு. புகைப்படக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த முகங்கள் அவை.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையவர் சையத் தாஜுதீன். 1943இல் இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, 1968இல் மீண்டும் சென்னைக்குச் சென்று அரசு கலைக் கல்லூரியில் பயின்றார். அங்கிருந்தபோது இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் வரைந்தார். தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, மலேசிய ஓவியர், சென்னையில் பயிற்சி, கையில் சீதையும் அனுமனும். இவரிடம் ஒற்றைச் சொல்லில் அடையாளம் கேட்டால் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது?

மொழி மாறியது, கேள்வி இருந்தது

1963 செப்டம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவில் இணைந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிந்தது. எந்த இணைப்புக்காக மாலை வகுப்புகளில் மலாய் படித்தார்களோ அந்த இணைப்பு இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. மலாய் தேசிய மொழியாகவே தொடர்ந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாயின. ஆனால் நாளடைவில் வேலைக்கும் கல்விக்கும் ஆங்கிலமே மொழியாயிற்று. 1987க்குள் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டன. தேசிய மொழி நாட்டுப் பண்ணிலும் அணிவகுப்பு ஆணைகளிலும் தங்கியது.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பார்த்தால் ‘தேசிய மொழி வகுப்பு’ இன நல்லிணக்கச் சுவரொட்டிபோல் தோன்றக்கூடும். பல இனத்தவர் ஒரு மேசையில் இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் எளிது. அப்படிச் சுருக்குவது அந்த மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒரு மொழியைச் சிரமப்பட்டுக் கற்றால் ஒரு நாடு கிடைக்கும் என்று நம்பியவர்கள் அவர்கள். நாடு கிடைத்தது. அவர்கள் நினைத்த நாடு அதுவன்று. கற்ற மொழி பலருக்குச் சந்தையிலும் பக்கத்து வீட்டிலும் மட்டுமே பயன்பட்டது. வகுப்பில் இருந்தவர்களின் கருத்துகளோடு நெருக்கமாக இருந்த சிலர் சிறை சென்றார்கள். அந்த ஓவியத்தில் இருப்பது கிட்டிவிட்ட ஒற்றுமை என்று கொள்வதைவிட, 1959ஆம் ஆண்டில் ஒரு மேசையைச் சுற்றி இருந்த எதிர்பார்ப்பு என்று கொள்வதே பொருந்தும்.

பின்னாளில் வந்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2006இல் ஸ்பெல் செவன் நாடகக் குழு இந்த ஓவியத்தின் பெயரிலேயே ஒரு நாடகம் படைத்தது. பார்வையாளர்களே மலாய் வகுப்பு மாணவர்களாயினர். சுவா மியா டீக்கு 2015இல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், முன்னாள் உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, 19ஆம் நூற்றாண்டு முதலான சிங்கப்பூர்க் கலையை எடுத்துரைக்கும் தொடக்கக் கண்காட்சிக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. நான்கு மொழிகள் உள்ள நாட்டில் ஏற்பாட்டாளர்கள் அந்தக் கரும்பலகையின் முதல் வரியையே எடுத்தார்கள். ‘சியாபா நாம கமு?’

அக்கூடம் இருக்கும் கட்டடங்களில் ஒன்றான நகர மண்டபத்தில்தான் 1959 ஜூன் மாதத்தில் முதல் தன்னாட்சி அரசின் அமைச்சர்கள் பதவியேற்றார்கள். அதற்கு எதிரே உள்ள திடலில் டிசம்பரில் புதிய நாட்டுப் பண் ஒலித்தது. இப்போது அங்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் அப்பண்ணை மனப்பாடமாகப் பாடுவார்கள். அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது, பலகையில் உள்ள இரண்டு வரிகளுக்கும் பொருள் தெரிந்துகொள்ள அவர்களில் பலர் பக்கத்திலுள்ள சிறிய ஆங்கிலக் குறிப்பைக் குனிந்து படிக்கிறார்கள்.